நோகிற நெறியும் நோகாத நெறியும்

தையல்காரியின் கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். அந்த நாடா பட்டுத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு முந்திய கிழமை. இரவு பதினொரு மணியாகியும் மெஷினை விட்டு எழும்ப முடியாதபடி சட்டைத் துணிகள் குவிந்து கிடந்தன. நாடாவை இழுத்தெடுத்தபோது கழுத்தின் வலது பக்கம், காதுக்குக் கீழே சற்றுப் பின்னால், சுள்ளென்று நொந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒன்று. அமத்தினால் நழுவியது. அதற்குக் கீழே பயறு மாதிரி இன்னும் இரண்டு.

"நெறி கட்டியிருக்கு புள்ள," என்றார் அம்மா. "தலையில புண், பேன் ஏதும் இரிக்கா எண்டு பார். பல்லு நோகுதா?"

அம்மா கேட்டது சரியான கேள்வி என்று பிறகு விளங்கியது. வயலில் காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கையில் புண் என்றால் கமக்கட்டில் கட்டும். கழுத்து என்றால் தலை, காது, பல், தொண்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நெறி என்று நாங்கள் சொல்வதுதான் நிணநீர்க் கணு. கிருமியோடு உடம்பு சண்டை பிடிக்கிற காவலரண் மாதிரி. சண்டை நடந்தால் வீங்கும், நோகும். முடிந்தால் வற்றும்.

எனக்குத் தலையில் புண் இல்லை, பல்லில் சூத்தை இல்லை, தொண்டையிலும் ஒன்றும் இல்லை. மஞ்சள் அரைத்துப் பூசினோம். ஒரு கிழமை போனது, நெறி போகவில்லை. பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல் வேறு வரத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குச் சின்ன மாமாவின் நினைப்பு வந்தது.

எங்கள் வீட்டில் கழுத்துக் கட்டி என்றால் சின்ன மாமாதான். அம்மாவின் கடைசித் தம்பி. 2007 மார்ச்சில் யுத்தத்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். அந்த நாட்களில் மாமாவின் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. ஊர் திரும்பிய பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். தலைமயிர் கொட்டித் தொப்பி போட்டபடி வந்தார், திரும்பவும் போனார். இரண்டாம் வருடம் அவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். "இரத்தப் புற்றுநோய்" என்று பெரியவர்கள் அடக்கிய குரலில் பேசிக்கொண்டது மட்டும் எனக்கு ஞாபகம்.

ஆகவே எனக்குள் கணக்கு உடனே முடிந்துவிட்டது. கழுத்தில் கட்டி, காய்ச்சல், அதே குடும்பம். இரண்டு பிள்ளைகளும் படுத்த பிறகு போனை எடுத்துத் தேடுவேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் அறிகுறி ஒன்று இருக்கும். காய்ச்சல் இருக்கிறது. இரவில் வியர்க்கிறது. மெலிந்தும் போயிருக்கிறேன், நெல் மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தபோது 52 கிலோ 49 ஆகியிருந்தது. விடியும்வரை நெறியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். நாடாவால் அளந்தும் பார்த்தேன். என் கணவருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகளின் சீருடைக்கு அளவு எடுக்கும்போது, அடுத்த வருடச் சீருடையை யார் தைப்பார் என்று நினைத்துக் கண் நிறைந்துவிடும்.

இப்படிப் பத்து நாட்களை வீணாக்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் உறுதியாகச் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் போகாமல் இருந்தேன். அந்தப் பத்து நாட்களையும் இப்போது நினைத்தால் நெஞ்சு நோகிறது. போகாமல் இருந்ததால் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

கடைசியில் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனார். மண்டூரில் இருந்து வாவியைக் கடந்தால் குருமண்வெளி. அந்தக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். அங்கிருந்து ஓட்டோவில் களுவாஞ்சிக்குடி. பின்னேரம் பார்க்கும் ஒரு டொக்டர், வயதானவர். கழுத்தைத் தொட முதல் கேள்விகள் கேட்டார். எத்தனை நாள்? நோகிறதா? வீட்டில் யாருக்காவது நீண்ட இருமல், காசநோய் இருந்ததா? பூனை வளர்க்கிறீர்களா? வயலுக்கு, பற்றைப் பக்கம் போனீர்களா? பிறகு காதின் பின்புறம், தலைமயிருக்குள், கமக்கட்டு, இடுப்பு எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும், அதனாலும் காய்ச்சலும் நெறியும் வரும் என்றார். எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கமக்கட்டு, தொடையிடுக்கு, காறை எலும்புக்கு மேலுள்ள குழி, வயிற்றில் ஈரல், மண்ணீரல் எல்லாம் அமத்திப் பார்த்தார்.

"இரவில வேர்க்குது" என்றேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்: "விரிப்பு மாத்துற அளவுக்கா தங்கச்சி? உடுப்பு பிழியிற அளவுக்கா?" இல்லை. கரண்ட் நின்ற இரவுகளில் எல்லாரும் வியர்ப்பது போலத்தான். பயப்பட வேண்டிய வியர்வை உடுப்பையும் படுக்கையையும் நனைத்து, எழும்பி மாற்ற வைக்கும். நிறையும் அப்படித்தான். ஆறு மாதத்துக்குள், முயற்சி இல்லாமல், உடம்பின் பத்தில் ஒரு பங்கு குறைவதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள். 52 கிலோவுக்கு அது ஐந்து கிலோவுக்கு மேல். என் மூன்று கிலோவில் பாதி நான் சாப்பிடாமல் விட்டதால் போனது.

"நாளைக்கு எத்தனை தரம் தொட்டுப் பாக்கிறீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னார்: "இராப்பகலா அதுதானே ஐயா வேலை."

அமத்த அமத்த நோவு கூடும், வீக்கமும் இறங்காது என்றார். கிழமைக்கு ஒரு தரம் மட்டும், ஒரே ஆள், ஒரே நாளில் பார்த்து எழுதிவைக்கச் சொன்னார். என்னிடம் வாடிக்கையாளரின் அளவு எழுதும் கொப்பி இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் கோடு கீறினேன்: திகதி, நெறியின் அளவு, நோவு, பின்னேரக் காய்ச்சல் எத்தனை பாகை, நிறை. அந்த ஒரு பக்கம் பிறகு நான் போன ஒவ்வொரு கிளினிக்கிலும் உதவியது. "கொஞ்ச நாளா" என்று சொல்கிற நோயாளிக்கும், "17 நாள், 38 பாகைக்கு மேல் போகவில்லை" என்று சொல்கிற நோயாளிக்கும் வித்தியாசம் பெரிது. கையில் ஒரு வேலை இருந்ததால் இரவில் போனும் கொஞ்சம் விட்டுப்போனது.

அவர் அன்டிபயோட்டிக் தந்து, இரண்டு கிழமையில் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னார். குறையவில்லை. இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பனடோல் வாங்கப் போன ஒரு பாமசியில் இருந்தவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது மூணு நாளில வத்தும்" என்று சின்ன வெள்ளைக் குளிசைகளை ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார். டொக்டர் எழுதிய துண்டு இல்லை, பெயரும் சொல்லவில்லை. ஏனோ நான் போடவில்லை, கொப்பிக்குள் வைத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் காட்டியபோது அந்த டொக்டரின் முகம் மாறியது. அது பிரட்னிசொலோன், ஸ்டீரொய்ட் வகை. அதைப் போட்டால் நெறி உண்மையிலேயே வற்றிவிடுமாம். நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தாலும் தற்காலிகமாக வற்றும். பிறகு தசைத்துண்டு எடுத்துப் பார்த்தாலும் நோய் சரியாகத் தெரியாமல் மறைந்துவிடும். காசநோயாக இருந்தால் அது இன்னும் பரவும். காரணம் தெரியாத நெறிக்கு, டொக்டர் தராத அந்தக் குளிசையை யாரும் போட வேண்டாம். இதை வாசிப்பவர்களிடம் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் இரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, பெஞ்சில் இருந்தபடி நானே வாசித்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. வெண்குழியம் 3,200. பக்கத்தில் அச்சிட்டிருந்த சாதாரண அளவு 4,000 முதல் 11,000 வரை. என் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கை நடுங்கிக் கடதாசி சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர், முன்பின் தெரியாதவர், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு டொக்டரின் அறை வாசல்வரை வந்தார்.

டொக்டர் ஒரு மேசைக் கடதாசியில் கீறிக் காட்டினார். நாங்கள் எல்லாவற்றையும் இரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் சொல்கிறோம். லுகேமியா எலும்பு மச்சையில் தொடங்குவது. அதில் பெரும்பாலும் இந்த இரத்தப் பரிசோதனையிலேயே குழப்பம் தெரியும், முதிராத கலங்கள் இரத்தத்தில் வந்து நிற்கும். வெளிறல், பல் முரசில் இரத்தம் கசிதல், அடிபடாமலே உடம்பில் கன்றிய அடையாளம் என்று வேறு அறிகுறிகளும் வரும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் நெறியில் தொடங்குவது. அதில் இரத்த ரிப்போர்ட் முழுக்கச் சரியாகவே இருக்கலாம். ஆகவே ரிப்போர்ட் நல்லது என்பதற்காக நோகாத கட்டியை விட்டுவிடக் கூடாது, ஒரு எண் குறைந்ததற்காகச் செத்துவிட்டதாக நினைக்கவும் கூடாது. வெண்குழியம் குறைவது வைரசுக் காய்ச்சலிலும் சாதாரணமாக நடக்கும். கண்ணாடித் தட்டில் இரத்தத்தைப் பூசிப் பார்க்கும் பிளட் பிக்சர் எடுத்தார்கள். முதிராத கலங்கள் இல்லை என்று வந்தது. பிளேட்லெட் என்கிற குருதிச் சிறுதட்டு இரண்டு இலட்சத்துக்கு மேல், அது சரி. உடம்பில் அழற்சி இருந்தால் கூடுகிற ஈ.எஸ்.ஆர். மட்டும் 48, கூட.

பிறகு காசநோய்ப் பரிசோதனை. முன்கையில் ஊசியால் சிறு கொப்புளம் போல ஏற்றி, மூன்றாம் நாள் தடிப்பை அளந்தார்கள். என் கையில் தடிப்பு எழும்பவில்லை, நெஞ்சுப் படத்திலும் ஒன்றும் இல்லை. காசநோய் கழுத்து நெறியில் வருவது எங்கள் நாட்டில் அரிதல்ல. வந்தாலும் ஆறு மாதக் குளிசையில் பெரும்பாலும் குணமாகும், மருந்து அரசாங்கத்தில் இலவசம். அந்தப் பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர் வீட்டில் என் தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் கோப்பையால் தொற்றாது. சொல்லி விளங்கவைத்தேன், கோபப்படவில்லை.

ஆறாம் கிழமையிலும் நெறி இருந்தபடியால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்தவர் திரையில் காட்டினார்: அவரை விதை போல நீள்வட்டமாக, நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஆறுதல், உருண்டையாகி அந்தக் கோடு அழிந்திருந்தால் கூடுதலாகப் பார்க்க வேண்டும். என்னுடையவற்றில் இரண்டு அவரை விதை, பெரியது கொஞ்சம் உருண்டை. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். அதில் வந்த கலங்கள் முடிவு சொல்லப் போதாது என்றார்கள். லிம்போமாவா இல்லையா என்று தீர்க்க, நெறியை முழுதாக எடுத்து அதன் கட்டமைப்பைப் பார்ப்பதுதான் நல்ல வழி என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு, கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்று. சின்ன மாமாவையே அதைச் சொல்லித்தான் மாதக்கணக்கில் வெட்ட விடவில்லை. நான் அதை டொக்டரிடம் நேராகவே கேட்டேன். லிம்போமா என்றால் அது வெட்டுவதால் பரவுகிற நோயில்லை, எந்த வகை என்று தெரியாமல் மருந்தே தொடங்க முடியாது என்றார். நான் கேட்ட அடுத்த கேள்வி என் கையைப் பற்றியது. அந்த இடத்தில் தோளை உயர்த்தும் நரம்பு ஒன்று நெறிகளுக்கு நடுவே ஓடுகிறதாம். நான் தைப்பவள் என்று சொன்னதும் அவர் கவனமாகக் கேட்டு, துண்டில் எழுதிவைத்தார். கழுத்தில் வெட்டு என்றால் உங்கள் தொழிலைக் கட்டாயம் சொல்லுங்கள்.

விறைப்பூசி போட்டு, விழித்திருக்கும்போதே எடுத்தார்கள். நோகவில்லை, இழுபடுவது மட்டும் தெரிந்தது. தையல் போடும்போது நூல் இழுபடும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அது எனக்குப் பழகிய சத்தம், அந்த அரை மணித்தியாலத்தில் ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான். முடிந்ததும் "தோளை உயர்த்துங்க" என்றார் டொக்டர். இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்தன.

முடிவுக்கு மூன்று கிழமை. மேலதிகச் சாயப் பரிசோதனையும் செய்தார்கள். அந்த மூன்று கிழமையில்தான் இவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "இதையும் தனியாவா தூக்கித் திரிஞ்ச?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கொப்பியில் கிழமைக் கணக்கை அவர் எழுதினார்.

ரிப்போர்ட்டில் இருந்த பெயர் கிக்குச்சி நோய். புற்றுநோய் இல்லை. 1972இல் ஜப்பானில் கிக்குச்சி, ஃபுஜிமோட்டோ என்ற இருவர் தனித்தனியாக எழுதி வெளிவந்த நோய். ஆசிய நாடுகளில், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களிடம் கூடுதலாகக் காண்பது. கழுத்தின் பின்பக்க நெறி வீங்கி நோகும், மெல்லிய காய்ச்சல் வரும், வெண்குழியம் குறையும். என் கொப்பியின் கடைசிப் பக்கம் அப்படியே. லிம்போமா போலத் தோற்றம் காட்டுவதால்தான் நெறியை எடுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாக மாறும். நோவுக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் மருந்து. சிலருக்குத் திரும்ப வரலாம், சிலருக்குப் பிற்பாடு உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிற லூபஸ் என்ற நோய் வரலாம் என்பதால் ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்து, கிளினிக்குக்கு வந்துபோகச் சொன்னார்கள். எனக்கு நாலாம் மாதம் எல்லாம் வற்றியது. இப்போதும் கிளினிக் தவற விடுவதில்லை.

செய்தி சொல்லச் சின்ன மாமாவின் வீட்டுக்குப் போனேன். மாமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்த நோவு வரக்குள்ள மாமாவைத்தான் நினைச்சன் மாமி" என்றேன்.

மாமி சுளகை மடியில் வைத்தார். "மாமாக்கு நோவே இல்லையே புள்ள. நொந்திருந்தா அண்டைக்கே போயிருப்பார். நோகல்ல எண்டுதானே விட்டது. கேம்பில பிள்ளைகளெல்லாம் தொட்டுப் பாக்கும், நீயும் தொட்டாய்."

அப்போது வந்தது ஞாபகம். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் மாமா கழுத்தைச் சாய்த்துக் காட்ட, நாங்கள் வரிசையில் நின்று தொட்டோம். ரப்பர் பந்து போல, அமத்தினால் மாமா சிரிப்பார். எட்டு மாதம் அப்படியே இருந்திருக்கிறது, மெல்ல மெல்லப் பெருத்திருக்கிறது. பதினெட்டு வருடமாக அதை நான் நோவோடு சேர்த்து நினைத்திருக்கிறேன். நோகிற நெறி என்றால் புற்றுநோயே இல்லை என்று சொல்ல முடியாது, அதையும் டொக்டர் சொன்னார். ஆனால் நோகாமல், நாலு கிழமைக்கு மேல் நின்று, பெருத்துக்கொண்டு போவது, கல் மாதிரி அசையாமல் இருப்பது, காறை எலும்புக்கு மேலே வருவது ஆகியவற்றைத்தான் அவர்கள் முதலில் தேடுகிறார்கள்.

மாமியின் கடைசி மகன், என் மச்சான், வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவன், துணியோடு எழும்பி வந்தான். "மச்சாள், எனக்கும் கமக்கட்டில ஒண்டு இரிக்கு. மூணு மாசமா. நோகல்ல, அதுதான் சொல்லல்ல."

மாமியின் கை அரிசியில் அப்படியே நின்றது. அடுத்த நாள் விடிய முதல் பாதையில் அவனைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். மாமி வரவில்லை, கோயிலுக்குப் போனார். ஸ்கேனில் கொழுப்புக் கட்டி என்று வந்தது. பெருத்தால் உடனே வரச் சொன்னார்கள், இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் ஒருதரம் காட்டச் சொன்னார்கள். அவன் மறந்துவிடுவான். திகதியை என் அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், என் கிளினிக் திகதிக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.